விருந்தாளி அறையில் ஒரு வெள்ளைச் சால்வை

1

சங்ககிரியில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நான் ஸ்காட்லாந்தில் உட்கார்ந்துகொண்டு கம்பளி பின்னுகிறேன். புதன்கிழமை தோறும், ஊர் நூலகத்தில், ஆறு பெண்மணிகளோடு. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

என் அப்பா ராமசாமி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வெல்டிங் பொறிக்கும் வார்னிஷ் நாற்றத்துக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு கிளம்புகிற பரம்பரை. என் மனைவி கோமதி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் நிலாவும் வந்து சேர்ந்தோம். அரசாங்கக் காகிதங்களில் நான் 'சார்ந்திருப்பவர்'. ஊரில் லோடு ஏற்றுகிறவர்களிடம் குரல் உயர்த்திப் பேசித் திரிந்த எனக்கு அந்தச் சொல்லை விழுங்கக் கொஞ்ச நாள் பிடித்தது. இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வேனை ஓட்டி, வீடு வீடாகப் பாலும் உருளைக்கிழங்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பின்னல் வந்தது சிகரெட்டால். அதை விட வேண்டும் என்று கோமதி ஒற்றைக் காலில் நின்று என்னை ஒரு ஆலோசனை மையத்துக்கு அனுப்பினாள். அங்கே இருந்த அம்மையார், "கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். மரவேலை, தோட்டம், பின்னல் என்று மூன்று கட்டங்கள். மரவேலைக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். தோட்டத்துக்கு வெயில் வேண்டும், அது இந்த நாட்டில் கிடையாது. மிச்சமிருந்த கட்டத்தில் டிக் அடித்தேன். நூலகத்தில் ஹீட்டர் இலவசம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

2

எங்கள் குழுவின் தலைவி டோரத்தி. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை. அவருக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் மோராக். குண்டான, வாய் ஓயாத அம்மாள். கணவரும் மகனும் மீன்பிடிப் படகில் போகிறவர்கள்.

ஒரு மணி நேரம் பின்னிய பிறகு, கடைசியில் 'காட்டுதல்' என்று ஒன்று உண்டு. அந்த வாரம் வீட்டில் செய்ததை ஒவ்வொருவரும் மேசைமேல் வைக்க வேண்டும். குரோஷா பூ, குழந்தைச் சொக்காய், தையல் பை, எதுவானாலும் சரி. மற்றவர்கள் அதை எடுத்துத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு திருப்பிப் பார்ப்பார்கள். முன்பக்கம் எப்படி இருந்தாலும் கவலையில்லை, பின்பக்கத்தில் முடிச்சை எங்கே ஒளித்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. அப்பாவும் இப்படித்தான். வேறு பட்டறையில் கட்டிய லாரி வந்தால் முகப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அடியில் குனிவார்.

நான் முதலில் காட்டியது ஒரு மஃப்ளர். கையகலத்தில் தொடங்கி, முடிகிற இடத்தில் முறத்தகலம் ஆகியிருந்தது. டோரத்தி அதை உயர்த்திப் பிடித்து "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். நான் பூரித்துப் போனேன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு 'கேவலம்' என்று பொருள் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மோராக் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "என் மகன் கிழிந்த வலையைத் தூக்கிப் போடும்போது இப்படித்தான் இருக்கும்."

எனக்கு மோராக்கை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. நம் ஊர்க்காரி மாதிரி இருக்கிறாரே என்று தோன்றியது.

எடப்பாடியில் விசைத்தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட என் அக்கா மல்லிகாவுக்கு இந்த விஷயம் வீடியோ காலில் அம்பலமாயிற்று. பின்னால் தறிச் சத்தம். நான் ஊசியை மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"என்னடா அது கையில?"

"சும்மாக்கா. துண்டு ஒண்ணு பின்றேன்."

"எத்தன நாளா பின்ற?"

"மூணு மாசமா."

அக்கா கேமராவைத் தறிப்பக்கம் திருப்பினாள். "பாத்துக்க சாமி. நீ ஃபோன வெக்கறதுக்குள்ள இதுல பத்துத் துண்டு உழுந்துரும். உனக்குத் துண்டுதான் வேணுமுன்னா அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா கட்டுக் கட்டா அனுப்பியிருப்பனே."

அன்று சாயந்திரமே விஷயம் சங்ககிரி லாரி ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. 'ஸ்வெட்டர் செந்திலு' என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும்.

3

கோமதியும் சிரித்தவள்தான். நைட் டூட்டி முடித்து வந்து, சோபாவில் நூற்கண்டோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "ஏனுங்க, எத்தனாவது மாசமுங்க?" என்று வயிற்றைக் காட்டிக் கேட்பாள். ஆனால் அவளுக்கு உள்ளூர ஒரு பொறாமை இருந்தது. பின்னல்மேல் இல்லை, அந்த ஆறு பெண்கள்மேல்.

அவள் நாமகிரிப்பேட்டைக்காரி. மஞ்சள் காட்டுக்கு நடுவில் வீடு. அவர்கள் வீட்டில் காலையில் கதவு திறந்தால் இரவு சாத்துகிறவரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். சும்மா வருவார்கள், உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். இங்கே அவள் வேலை பார்க்கிற வார்டில் எல்லோரும் தங்கமானவர்கள். "நம் வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்து "கட்டாயம் வருகிறோம்" என்பார்கள். அதோடு சரி. அது வருவதாகச் சொன்னது இல்லை, வாழ்த்துச் சொன்னது என்று புரிய எங்களுக்கு வருஷங்கள் ஆயின.

வாடகைக்கு வீடு பார்த்தபோது மூன்று படுக்கையறை வேண்டும் என்று அடம் பிடித்தவள் அவள். ஒன்று எங்களுக்கு, ஒன்று நிலாவுக்கு, ஒன்று விருந்தாளிக்கு. விருந்தாளி அறைக் கட்டிலில் மாதம் ஒரு முறை உறையை மாற்றுவாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு உறை மாற்ற வேண்டும் என்று நான் ஒரு முறை கேட்டேன். அன்று முழுக்க என்னோடு அவள் பேசவில்லை.

நிலாவுக்கு இதெல்லாம் புரியாது. இங்கேயே வளர்ந்த பிள்ளை. "அம்மா, இங்க எல்லாரும் வெளியிலதான் மீட் பண்ணுவாங்க. வீடு ப்ரைவேட்" என்பாள்.

"ஊடுன்னா நாலு பேரு வந்து போகோணும் கண்ணு. இல்லீன்னா அதுக்குப் பேரு லாட்ஜு" என்று சொல்லிவிட்டுக் கோமதி அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு அந்தப் பேச்சு வலிக்கும். ஏனென்றால் நூலகத்தில் எனக்குக் கிடைத்த கொஞ்சம் மனிதவாசம்கூட அவளுக்கு இந்த ஊரில் கிடைக்கவில்லை. ஒரு நாள் அவளையும் கூப்பிட்டேன். "நானும் வந்து வரிசையில உக்காந்து பின்னோணுமாக்கும்? அவிங்க ஒரு நாளும் இங்க வாரதில்லயே" என்றாள்.

4

இந்த வருடக் கோடையில் நடந்த விவசாயக் கண்காட்சிக்கு எங்கள் குழு ஒரு வெள்ளைச் சால்வை பின்னியது. கண்காட்சி என்றால் நம் சந்தை போலத்தான். ஆடு, மாடு, டிராக்டர், நடுவில் ஒரு கூடாரத்தில் கைவேலைப் போட்டி. பக்கத்து ஊர்க் குழு தொடர்ந்து ஜெயித்துக்கொண்டு வருகிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே டோரத்தியின் உதடு இறுகிவிடும்.

நடுப்பகுதியை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். சுற்றிலும் வருகிற கரை வேலையை டோரத்தி என்னிடம் கொடுத்தார். முக்கோண முக்கோணமாகப் பல் வைத்த கரை. "உங்கள் பின்பக்கம் இப்போது சுத்தமாக இருக்கிறது" என்று காரணம் சொன்னார். குளிர்காலம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

பின்னி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சால்வையை நனைத்து, நான்கு பக்கமும் இழுத்து, ஊசி குத்தி, விறைப்பாகக் காயவிட வேண்டும். அப்போதுதான் சுருங்கிக் கிடக்கும் பின்னல் கண்ணிகள் திறந்து பூ தெரியும். அதற்குப் பெரிய, யாரும் தொடாத இடம் வேண்டும். எல்லோர் வீட்டிலும் நாயோ பூனையோ பேரப்பிள்ளையோ இருந்தது. எங்கள் வீட்டில்தான் ஆள் படுக்காத கட்டில் இருந்தது. ஆக, எங்கள் விருந்தாளி அறைக்கு வந்த முதல் விருந்தாளி அந்தச் சால்வைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்து அறையை எட்டிப் பார்த்தேன். சால்வை நன்றாகக் காய்ந்திருந்தது. நான்கு மூலையிலும் நான்கு மஞ்சள் பொட்டு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுத்துணியானால் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்த மாட்டோம். துணி என்ன, புது லாரிக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வாஷிங் மெஷினுக்குப் பொட்டு, நிலாவின் லேப்டாப்புக்குப் பொட்டு. வார்டில் கையுறை இல்லாமல் எதையும் தொடாத கோமதி, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் வீட்டில் ஒரு பொருளையும் விட்டு வைக்க மாட்டாள்.

நான் கோமதியைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் நிலா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? ஏழு பேரு ஒரு வருசம் பின்னுனது. கறை இருந்தா உள்ளயே எடுக்க மாட்டாங்க. உனக்கு அறிவு இருக்குதா?"

"போட்டிக்குப் போகுதுன்னுதானுங்க வெச்சேன்" என்றாள் கோமதி. குரல் உயரவில்லை. "உங்க கையால மொதமொதல்ல உருப்படியா ஒரு புதுத்துணி முடிஞ்சிருக்குது. பொட்டு வெக்காம ஊட்ட உட்டு எப்புடியுங்க அனுப்பறது?"

இத்தனை நாள் கேலி பேசியவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. சால்வையை ஊசியிலிருந்து பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, ஒரு மூலையில் சோப்புப் போட்டேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு, சோப்புக்காரம் பட்டாலும் அதேதான் ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். பொட்டு வைத்தவள் அவள், ஆரத்தி எடுத்தவன் நான்.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "மொட்ட மாடியில ஒரு மத்தியானம் காயப் போடு சாமி, வெயில் பட்டா மஞ்சக்கறை தானாப் போயிரும்" என்றாள். சங்ககிரியில் போகும். இங்கே அந்த வார வானிலை: மழை, நடுநடுவே மழை.

"எங்க காட்டு மஞ்சளுங்க. அவ்வளவு லேசுல போயிருமா?" என்றாள் கோமதி, கதவருகே நின்றபடி. அழுதுகொண்டிருந்தாள். அழும்போதும் ஊர் மஞ்சளை விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. சால்வை போனால் போகட்டும். இந்த நாட்டில் நான் உட்கார்ந்து பேச இருப்பது அந்த ஒரு மேசைதான். அதுவும் போய்விட்டால் வீட்டில் இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நிலாதான் என் ஃபோனை வாங்கிப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். 'என் மனைவி ஆசீர்வாதம் செய்துவிட்டாள்' என்று நான் எழுதச் சொன்னேன்.

வரிசையாக "அடடா" வந்தது. கடைசியில் டோரத்தியிடமிருந்து ஒரு வரி: "நாளைக் காலை பத்து மணிக்கு எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். எதையும் தொடாதீர்கள்."

5

ஒரு காபி குடிக்கவே மூன்று வாரம் முன்னால் நாள் குறிக்கிற ஊர் இது. மறுநாள் காலையில் ஆறு பேரும் வாசலில் நின்றார்கள். என்ன நினைத்தார்களோ, எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு அவர்களே ஷூவைக் கழற்றினார்கள். மோராக்கின் காலுறையில் ஓட்டை இருந்தது. பின்னல் குழுவில் இருந்துகொண்டு காலுறையில் ஓட்டை.

கோமதி யாரையும் கட்டிலுக்கு அருகே விடவில்லை. "கை" என்றாள். ஆறு பேரையும் அடுப்படிக் குழாயடியில் வரிசையாக நிறுத்தி, ஆஸ்பத்திரி முறைப்படி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவ வைத்தாள். டோரத்தி விரலிடுக்கைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் திரும்பிப் போய்த் தேய்த்தார். நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது போல இருந்தது.

நான்கு மூலையிலும் கரையை அறுத்து, கறை பட்ட கண்ணிகளைப் பிரித்து, புதிதாகப் பின்னிச் சேர்க்க வேண்டும். மிச்ச நூல் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஒரே கடையில் வாங்கினாலும் அடுத்த கட்டு நூலின் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும் என்பதால் புதிதாக வாங்கவும் முடியாது. கட்டிலின் மூலைக்கு ஒருவராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மூலை எனக்கு. மற்ற இருவர் நூல் சுற்றினார்கள், ஒருவர் தேநீர் கொடுத்தார்.

கறைக் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிறகு டோரத்தி கண்ணாடிக்கு மேலாகக் கோமதியைப் பார்த்தார். "இது எதற்காக என்று கேட்கலாமா?"

கோமதியின் ஆங்கிலம் வார்டு ஆங்கிலம். சுற்றி வளைக்காது. "எங்கள் ஊரில் புதுத்துணி இதோடுதான் வீட்டை விட்டு வெளியே போகும். இல்லாவிட்டால் யாருக்கும் அது வேண்டாதது என்று ஆகிவிடும்" என்றாள்.

"முன்பே சொல்லியிருந்தால் போட்டி முடிந்த பிறகு வைக்கச் சொல்லியிருப்பேனே" என்றார் டோரத்தி. கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "ஒரு வருட வேலை, கோமதி."

"தெரியும். மன்னிக்க வேண்டும்" என்றாள் கோமதி. "ஆனால் வைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன்."

நான் ஊசியை விட்டுவிட்டேன். டோரத்தி ஏதோ சொல்ல வாய் திறந்தார். மோராக் முந்திக்கொண்டார்: "எங்கள் வீட்டில் புதுப் படகு வாங்கினால் மாமனார் அதன்மேல் விஸ்கி ஊற்றுவார். நல்ல விஸ்கி. அதுதான் தப்பு." எல்லோரும் சிரித்தார்கள். டோரத்திக்குச் சிரிப்பு கடைசியாகத்தான் வந்தது. வந்த பிறகு சீக்கிரம் நிற்கவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் இரண்டு மூலைதான் முடிந்திருந்தது. கோமதி காத்திருந்தது இதற்குத்தான். விடியற்காலையிலேயே எழுந்து இட்லியும் பள்ளிபாளையம் சிக்கனும் செய்து வைத்திருந்தாள். மிளகாயைப் பாதியாகக் குறைத்ததாகச் சத்தியம் செய்தாள். மோராக்கின் மூக்கு ஒழுகியது, ஆனாலும் மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு மறுபடி குழாயடி, மறுபடி முழங்கை வரை. மோராக் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் கோமதி டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பின்மதியம் நான் என் மூலையில் கண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து கோமதியின் சிரிப்புக் கேட்டது. நாமகிரிப்பேட்டையில் தங்கச்சிகளோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. இந்த நாட்டில் நான் அதை அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கி இரண்டு கண்ணிகளை நழுவ விட்டேன். டோரத்தி எட்டிப் பார்த்து, "சுவாரசியமாக இருக்கிறது" என்றார்.

மாலையில் நான்காவது மூலையும் முடிந்தது. "இருந்து இரவுச் சாப்பாடும் சாப்பிட்டுப் போங்கள்" என்று கோமதி வாசல் வரைக்கும் சென்று மன்றாடினாள். அவரவர்க்கு வீட்டில் வேலை. போய்விட்டார்கள்.

6

போட்டியில் எங்களுக்கு மூன்றாம் பரிசு. பக்கத்து ஊருக்கு வழக்கம்போல முதல் பரிசு. 'மூலைகள் சற்று இறுக்கம்' என்று நடுவர் எழுதியிருந்தார். பெயர் அட்டையில் நான் இருந்தேன், ஆனால் நானாக இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டதால், நேர்த்தியான வெள்ளைக் கரை பின்னியவர் என்று 'திரு. ராமசாமி' கௌரவிக்கப்பட்டிருந்தார். அப்பா முறுக்கு மீசைக்காரர். வெல்டிங் தவிர மற்றதெல்லாம் பொம்பளை வேலை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர். அட்டையைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை அப்பா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

கோமதியிடம் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க" என்றாள். அவள் மனது வேறெங்கோ இருந்தது. கண்காட்சிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி அறையில் உறையை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அடுத்து என்ன பின்னப் போறீங்க?"

"இன்னொரு சால்வைன்னு டோரத்தி சொல்றாங்க."

"அதையும் இங்கதானுங்க காயப் போடுவீங்க?"

"ஆமா. ஏன் கேக்கற?"

அவள் தலையணையைத் தட்டி ஓரமாக வைத்தாள். "இந்தத் தடவ நாலு மூலையோட நிறுத்தாம, நடுவுலயும் ரெண்டு பொட்டு வெக்கலாமுன்னு இருக்கறனுங்க. அப்பத்தான் வேல முடிய நேரமாகும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருப்பாங்க."

சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நூலகத்துக்குப் போனதும், சால்வை வேண்டாம், இரட்டைக் கட்டில் அளவுக்குப் பெரிய போர்வையாகவே பின்னலாம் என்று சொன்னேன். வெள்ளையில்.